பில் வரும் வரை தாக்குப்பிடிக்க முடியுமா?

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் 14 லட்சம் வங்கியில் இருக்கிறது. பி.இ. சிவில் முடித்து மூன்று வருடமாகத் தனியார் சைட்டில் இருக்கும் மகன், அதைப் போட்டு அரசு கான்ட்ராக்ட் எடுக்கிறேன் என்கிறார். உறவினர்களோ, "கவர்மென்ட் வேலைதான் கிடைக்கல, கவர்மென்ட் கான்ட்ராக்டாவது எடுக்கட்டுமே" என்கிறார்கள். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

உறவினர் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். அரசு வேலைக்கும் அரசு கான்ட்ராக்டுக்கும் பெயரில் மட்டும்தான் சொந்தம். அங்கே மாதம் பிறந்தால் சம்பளம் வரும். இங்கே சனிக்கிழமைதோறும் மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் சம்பளம் எண்ணிக் கொடுக்க வேண்டியவர் உங்கள் மகன். அரசு அவருடைய வாடிக்கையாளர். வேலை முடிந்து, அளந்து பார்த்து, நிதி வந்த பிறகு பணம் தருகிற வாடிக்கையாளர்.

தொழிலில் நல்லது இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. இன்று டெண்டர் ஆவணத்தை இணையதளத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். டிஜிட்டல் கையெழுத்து வாங்கினால் வீட்டிலிருந்தே விலைப்புள்ளி போடலாம். தனியார் வேலையில் வீடு கட்டி முடித்த பிறகு "டைல்ஸ் சரியில்லை" என்று கடைசித் தவணையை நிறுத்துபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அரசில் எம் புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தில், ஏறிய அளவுக்குப் பணம் தாமதமாகும், அப்படியே காணாமல் போவது அபூர்வம். வேலையை ஒழுங்காக முடித்தால் கிடைக்கும் அனுபவச் சான்று அடுத்த பெரிய வேலைக்குக் கதவு திறக்கும். பத்து வருடம் பொறுத்தவர்கள் சொந்தமாக ஜேசிபி, மிக்சர் மெஷின் என்று வளர்ந்திருப்பது உண்மைதான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இதை மகனோடு உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

20 லட்சம் எஸ்டிமேட்டில் ஒரு சிறுபாலம் என்று வையுங்கள். புதிதாக வருபவர் வேலை கிடைக்க வேண்டுமே என்று 10 சதவீதம் லெஸ், அதாவது எஸ்டிமேட்டைவிடக் குறைத்து, போடுவார். வேலை 18 லட்சத்துக்கு முடியும். ஜல்லி, கம்பி, சிமென்ட், சென்ட்ரிங், கூலி எல்லாம் சேர்த்து 16.5 லட்சம் ஆனால், காகிதத்தில் லாபம் 1.5 லட்சம். பில் வரும்போது 18 லட்சத்தில் வருமான வரிக்கு 1 சதவீதம், ஜிஎஸ்டி கணக்கில் 2 சதவீதம் என 54,000 பிடித்துக்கொள்வார்கள். அது கணக்கில் திரும்பச் சேரும், ஆனால் கையில் அன்றைக்கு இருக்காது. குறைபாடு வந்தால் சரிசெய்ய வேண்டிய காலம் முடியும்வரை பிடித்து வைக்கும் தொகை தனி. இந்த மாதிரி வேலைக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலையிலிருந்து 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில் தொகைக்கு மேலே வாங்கி அரசுக்குக் கட்டுவதுதான் என்றாலும், பணம் வரும் நாளும் கட்ட வேண்டிய நாளும் பொருந்தாவிட்டால் கைமுதல் அங்கேயும் முடங்கும்.

இதற்கு நடுவே 8 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால் மாதம் 16,000. பில் ஐந்து மாதம் இழுத்தால் 80,000. காகித லாபத்தில் பாதிக்கு மேல் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. இந்தத் தொழிலில் நொடித்தவர்கள் பலர் வேலை தெரியாதவர்கள் இல்லை ஐயா. நன்றாக வேலை செய்துவிட்டு, பில்லுக்குக் காத்திருந்த மாதங்களில் விழுந்தவர்கள்.

இன்னொன்று. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர் வடிகால் வேலை எடுத்தார். மழை வரும்போல் இருந்ததால், கம்பி கட்டிய அன்றைக்கே ஏ.இ.-க்கு (உதவிப் பொறியாளருக்கு) தகவல் சொல்லாமல் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். கம்பி உள்ளே போய்விட்டது, அளவு எம் புக்கில் ஏறவில்லை. போட்டோ எடுத்தது மேஸ்திரியின் போனில். அதில் தேதியும் இல்லை, டேப் வைத்த அளவும் இல்லை. பல மாதம் அலைந்து ஒரு பகுதிக்குத்தான் பணம் வாங்கினார். தனியார் சைட்டில் உங்கள் மகன் கம்பி கட்டக் கற்றிருப்பார். மூடுவதற்கு முன் அளவைப் பதிய வைப்பதை அங்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் எழுதத் தயங்கி எழுதியிருக்கும் அந்தக் கேள்வி, "கமிஷன் இல்லாமல் நடக்குமா?" கேட்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் பாதுகாப்பு. "எல்லாரும் கொடுக்கிறாங்க" என்று சொல்லும் கூட்டாளி யாராவது இருந்தால், அவரோடு சேர வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

என் யோசனை இது. அந்த 14 லட்சத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் இருவரின் மருந்துக்கும் முதுமைக்கும். வீட்டுப் பத்திரத்தையும் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். மகன் இன்னும் இரண்டு வருடம், பதிவு பெற்ற ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கட்டும். சைட்டோடு நிற்காமல் பில் போடுவது, அளவெடுக்க உடன் போவது, அலுவலகத்தில் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்பது எல்லாம் பழகட்டும். அந்தச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலியைத் தாங்கும் அளவுக்குத் தன் பெயரில் சேர்த்த பிறகு பதிவு செய்து, சின்ன வேலையாக ஒன்றே ஒன்று எடுக்கட்டும். முதல் பில் கைக்கு வரும்வரை இரண்டாவது டெண்டர் வேண்டாம். அவருக்கு இது மெதுவாகத் தோன்றும், கோபம்கூட வரும். என் மேல் கோபப்படட்டும், பரவாயில்லை.

அடுத்த வாரம் இருவரும் வாருங்கள். அதற்குள் உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கவிருக்கும் ஏதாவது ஒரு சின்ன வேலையின் டெண்டர் ஆவணத்தை அவர் இறக்கிக்கொள்ளட்டும். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் கடையில் விசாரித்து ரேட் எழுதட்டும், போட்டிக்குப் போட வேண்டாம். அந்தத் தாள்களோடு வந்தால், எந்த மாதம் எவ்வளவு பணம் கையை விட்டுப் போகும் என்று மூவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.