செலவு மிச்சமான மாமனார்

கேள்வி: பரணில் கிடந்த சித்தப்பாவின் பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் மெமரி சிப்கள் போய்விட்டன. அவற்றின் இடத்தில் மாட்ட, 5 வோல்ட்டில் மட்டுமே ஓடும் சிறு போர்டு ஒன்றை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வடிவமைத்தேன். ஒருவர் சர்க்யூட் வரைந்தார், இன்னொருவர் டெஸ்ட் புரோகிராம் எழுதினார். (எங்களோடு சும்மா இருக்கும் மாமனார் முன்பு டிவி மெக்கானிக். மைனஸ் 5 வோல்ட் வரவில்லை என்று மீட்டர் வைத்துச் சொன்னார். பழைய சிப்களையும் போர்டின் ஒரு செப்புத் தடம்கூடப் பெயராமல் அவரே கழற்றியதால் அந்தச் செலவு மிச்சம்.) போர்டின் பின்பக்கம் யார் பெயர் முதலில் வருவது என்று நண்பர்களுக்குள் மனஸ்தாபம். என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நண்பர்கள் சண்டை பெரிய விஷயமில்லை தம்பி. பெயரோடு அவரவர் செய்த வேலையையும் போடுங்கள்: சர்க்யூட் இன்னார், புரோகிராம் இன்னார். அதற்கும் முறைத்தால் வயதில் மூத்தவர் முதலில்.

அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். 'சும்மா இருக்கும் மாமனார்'. சும்மா இருந்து அவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஸ்பெக்ட்ரத்தின் முதல் 16 கே (கிலோபைட்) மெமரிக்கு 4116 என்ற ரகச் சிப்கள் 8. ஒன்றுக்கு 16 கால், ஆக 128 கால். 40 வருடத்துப் போர்டு அது. சூடு கொஞ்சம் கூடினால் ஈயத்தோடு செப்புத் தடமும் உரிந்து கையோடு வந்துவிடும். ஒவ்வொரு காலாக ஈயத்தை உருக்கி, உறிஞ்சி, கால் ஆடுகிறதா என்று மெல்ல அசைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்தது. இப்படி 128 தடவை. அதுவும் அந்த வயதுக் கண்ணை வைத்துக்கொண்டு.

அதற்கும் முன்னால் மீட்டர். 4116 ரகச் சிப்புக்கு 12, 5, மைனஸ் 5 வோல்ட் என்று மூன்று சப்ளை வேண்டும். மைனஸ் 5 நின்றுபோனால் அந்தச் சிப்கள் தாங்காது. சிப் போனதை நீங்கள் பார்த்தீர்கள், எதனால் போனது என்று அவர் பார்த்தார். அதே ரகச் சிப்பை வாங்கி மாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். 5 வோல்ட்டில் மட்டுமே ஓடும் போர்டு என்ற யோசனையே அவர் மீட்டரிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

நண்பர் செய்தால் பங்களிப்பு, மாமனார் செய்தால் செலவு மிச்சம். நல்ல கணக்கு!

வீட்டு மனிதருக்கு நன்றி சொன்னால் அந்நியமாகத் தெரியும் என்று நம்மூரில் ஒரு சாக்கு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வந்து தங்கும் பெரியவர் இரண்டாவது காபி கேட்கக்கூட யோசிப்பார். அந்த மனிதருக்குக் கௌரவம் தரவேண்டியது மருமகனின் கடமை. மனைவி எடுத்துச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பழைய கணினி ஆசை உங்களுக்கு இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 1985-ல் வந்த அமிகா 1000 என்ற கணினியின் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் பதிந்திருக்கும். கூடவே ஒரு நாயின் பாதத் தடம். ஜே மைனர் என்ற வடிவமைப்பாளரின் நாய் மிட்சி அது. ஒரு சிப்பையும் அது கழற்றியதில்லை, அவர் வேலை செய்த இடத்தில் கூடவே இருந்தது, அவ்வளவுதான். நாய்க்கே இடம் கொடுத்தார்கள்!

'மாமாவுக்கு நன்றி' என்று பொதுவாகப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். 'பழுது கண்டுபிடித்துச் சிப் கழற்றியவர்' என்று முழுப்பெயரோடு, நண்பர்கள் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் வரட்டும். எழுத்து ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தால் அச்சில் மங்கிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். சரி, அவர் தன் பெயரை எந்த இனிஷியலோடு எழுதுவார், உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் போர்டு ஃபைலை அச்சடிக்கும் ஃபேக்டரிக்கு அனுப்பும் முன் அவரிடம் போய்க் கேளுங்கள். போகும்போது கையில் காபியோடு போங்கள்.