எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள்

பள்ளி லீவு விட்டதும் ரிமோட் ஹெலிகாப்டர் பற்றிய கடிதங்கள்தான் அதிகம் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. எல்லாமே கையளவு ஹெலிகாப்டர்கள். பல கடிதங்களில் "தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள்.

கேள்வி: பையனின் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பியதும் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தடவை பீரோவில் மோதி விழுந்தது, அதற்கப்புறம்தான் இப்படி. மேலும் கீழுமாக இரண்டு ஜோடி றெக்கை இருக்கிற மாடல். (வாசகர், பெரம்பூர்)

பதில்: முதலில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மேலிருந்து பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கழற்றுவதெல்லாம் அப்புறம். உங்கள் மாடலில் மேல் றெக்கையும் கீழ் றெக்கையும் எதிரெதிராகச் சுற்றும். றெக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். இரண்டு ஜோடியும் சமபலத்தில் இருக்கும்வரை இந்த இரண்டு இழுப்பும் ஒன்றுக்கொன்று சரியாகிப் போய் உடம்பு நேராக நிற்கிறது, ஒன்று சோர்ந்துவிட்டால் மற்றது ஜெயித்துவிடும். அதாவது, உடம்பு எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் சுற்றுகிற றெக்கைதான் பலம் குறைந்த றெக்கை. இது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் கழற்ற வேண்டிய பக்கம் எது என்று தெரிந்துவிட்டது.

அதற்கு முன் இரண்டு சின்ன விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள். ரிமோட்டில் இருக்கும் டிரிம் குமிழை, அதாவது ஹெலிகாப்டர் ஒரு பக்கம் திரும்புவதைச் சரிசெய்கிற சின்னக் குமிழை, திருப்பிப் பாருங்கள், மெதுவாகச் சுற்றுவது அதிலேயே நின்றுவிடலாம். இன்னொன்று, உள்ளே கைரோ என்று ஒரு சென்சார் இருக்கிறது, ஸ்விட்ச் போட்ட முதல் சில விநாடிகளில் அது "நேராக இருப்பது என்றால் இதுதான்" என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே ஸ்விட்ச் போடுவார்கள், கணக்கு அங்கேயே தப்பாகிவிடுகிறது. சமமான தரையில் வைத்து, ஸ்விட்ச் போட்டு, கையை எடுத்துவிட்டு ஐந்தாறு விநாடி பொறுங்கள்.

இரண்டிலும் சரியாகவில்லை என்றால் பலம் குறைந்த றெக்கையின் ஷாஃப்ட்டை, அதாவது றெக்கையைச் சுற்ற வைக்கும் தண்டை, கீழே வரை பாருங்கள். நம் வீடுகளில் முதல் குற்றவாளி தலைமுடி. தரையில் கிடக்கும் நீளமான முடி ஒன்று ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது, லென்ஸ் வைத்துப் பார்த்து ட்வீசரால் உருவி எடுங்கள். அப்புறம் பெரிய பல்சக்கரத்தை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு றெக்கையைத் திருப்புங்கள். றெக்கை மட்டும் தனியாகத் திரும்பினால் ஷாஃப்ட் வழுக்குகிறது என்று அர்த்தம், மோதி விழுந்த ஹெலிகாப்டரில் இது நிறைய நடக்கும். ஊசி நுனியில் தொட்ட அளவு ஃபெவிக்விக் போதும், ஒரு சொட்டு அதிகமானால் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இறங்கி எல்லாவற்றையும் ஒட்டிவிடும், ஜாக்கிரதை. மோட்டார் சத்தம் கேட்கிறது, றெக்கை திணறுகிறது என்றால் மோட்டார் முனையில் இருக்கும் குட்டிப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். இதெல்லாம் நன்றாக இருந்தும் சுற்றுகிறது என்றால்தான் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று முடிவுக்கு வரலாம். புது மோட்டார் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகும்போது பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய், பருமனும் ஷாஃப்ட் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் விடலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். தையல் மிஷின் எண்ணெய், ஊசி நுனியில் ஒரு துளி, ஷாஃப்ட்டுக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்து தூசியைச் சேர்க்கும்.

கேள்வி: முன்பு ஏழெட்டு நிமிடம் பறக்கும், இப்போது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பேட்டரி லேசாக உப்பின மாதிரியும் இருக்கிறது. (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: அம்மா, உப்பின பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். சார்ஜ் போட வேண்டாம், அழுத்த வேண்டாம், "காற்றை எடுத்துவிடலாம்" என்று யாராவது குத்தச் சொன்னால் கேட்கவே வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

உள்ளே இருப்பது லித்தியம் பாலிமர் செல், பெயரளவில் 3.7 வோல்ட். முழுதாக ஏறினால் 4.2. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட ஆரம்பிக்கும். ஆட்டம் முடிந்து ஸ்விட்சை அணைக்காமல் ஷோகேஸில் வைத்துவிடுவதுதான் இதைக் கொல்கிற பெரிய காரணம், ஒரு வாரத்தில் செல் அடிமட்டத்துக்குப் போய்விடும். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடுவதும் கெடுதல்தான். நம் ஊர் மே மாத வெயிலில் பதினைந்து நிமிடமாவது ஆற விடுங்கள். பல நாள் எடுக்கப் போவதில்லை என்றால் முழு சார்ஜும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பாதியில் நிறுத்தி வையுங்கள்.

புது பேட்டரி அதே வோல்ட், உள்ளே அடங்குகிற அதே அளவு. பெரிதாகப் போட்டால் ரொம்ப நேரம் பறக்கும் என்று நினைப்பீர்கள், எடை கூடி எழும்பவே திணறும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக உடனே சொருகிவிடாதீர்கள், சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருகிற பேட்டரிகள் உண்டு, சர்க்யூட் போர்டு ஒரு நொடியில் போய்விடும். வயரை வெட்டிச் சேர்க்க வேண்டியிருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும் வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கட்டிங் பிளேயர் வழியாகவே ஷார்ட் ஆகும்.

கேள்வி: ஹாலில் ஒழுங்காகப் பறக்கிறது, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் ரிமோட் பேச்சையே கேட்பதில்லை. (வாசகர், பெசன்ட் நகர்)

பதில்: பழுதே இல்லை, செலவு செய்யாதீர்கள். உங்களுடையது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்கிற மாடலாக இருக்கும். வெயிலிலும் அதே கதிர் ஏராளமாக இருப்பதால் ரிமோட் சொல்வது அதில் அமுங்கிவிடுகிறது. பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அது ரேடியோ அலையில் வேலை செய்கிற மாடல், அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. ரிமோட் மேலேயே சந்தேகம் என்றால் அதன் முன்பக்கத்து பல்பை மொபைலின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், குச்சியை அசைக்கும்போது வெளிர் ஊதாவாக மினுங்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. அதோடு கடல் காற்றும் இருக்கிறதே, மத்தியானத்துக்கு மேல் உங்கள் ஏரியா மாடியில் இந்த எடைக்கு எதுவும் நிற்காது. ஹாலிலேயே ஃபேனை நிறுத்திவிட்டுப் பறக்க விடுங்கள்.

கேள்வி: புது றெக்கை மாற்றினேன், முன்பைவிட மோசமாக உதறுகிறது. (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கியிருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் றெக்கை தன் எடையிலேயே மெல்ல மடங்க வேண்டும், அந்த அளவுக்குத் தளர்வு விடுங்கள். சுற்றும்போது அதுவாக நேராகிக்கொள்ளும். மேல் றெக்கையும் கீழ் றெக்கையும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வளைவு எதிரெதிர். அடியில் இருக்கும் ஏ, பி எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். மாற்றும்போது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் எடை ஒத்துப்போகாது.

கேள்வி: மெரினாவில் மணலில் விழுந்தது, அலையும் நனைத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: எவ்வளவு சீக்கிரம் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள், உப்புத் தண்ணீர் புகுந்த பேட்டரியைத் திரும்பப் போடக் கூடாது. மற்ற பாகங்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஏற்கெனவே நனைந்ததை மறுபடியும் நனைப்பதா என்று தோன்றும், ஆனால் போர்டை அரிப்பது உப்புதான், அது போயாக வேண்டும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய டூத்பிரஷால் போர்டைத் தேய்த்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும்.

மணல்தான் கஷ்டம். கடற்கரையில் காந்தத்தை உருட்டினால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வருமே, சின்ன வயதில் எல்லாரும் செய்திருப்போம், அதே துகள்தான் மோட்டாரின் காந்தத்திலும் போய் ஒட்டும். கையால் சுற்றிப் பாருங்கள், நறநறவென்றால் அந்த மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும். வால் மோட்டார் மட்டும் நின்றுபோயிருந்தால் மேலே கீழே போகும், திரும்பும், முன்னே பின்னே மட்டும் போகாது. மாற்றுவதற்கு முன் அதன் வயர் மோட்டாரோடு சேருகிற இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும். சின்ன முனை உள்ள 25 வாட் சால்டரிங் அயர்னால் ஒரு தொடு தொட்டால் போதும்.