மேடையில் பதிவான ஜாஸ் பாலட்டுக்கு (மெதுவான பாட்டு) ஸ்ட்ரிங்ஸ் (வயலின், செலோ போன்றவை) சேர்க்க முடியுமா? மட்டக்களப்பில் அதற்கு ஆள் கிடைக்குமா?

முடியும், ஆளும் கிடைக்கும். நான் மட்டக்களப்பில் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். கல்யாண வீடியோ, கோயில் பாட்டு, தேவாலயக் கொயர் என்று ஓடுகிற வேலைக்கு நடுவில் இப்படியும் ஒன்று எப்போதாவது வரும். உங்களிடம் இருப்பது பியானோ, டபிள் பேஸ், ட்றம்ஸ், சக்சபோன் நான்கும் மண்டபத்தில் சேர்ந்து வாசித்த பதிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

இது புது யோசனை இல்லை. கிற்றார் கலைஞர் வெஸ் மொன்ட்கொமரி 1965இல் நியூயோர்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் மூவர் குழுவோடு வாசித்த பதிவுகள் வேர்வ் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தன. 1968இல் அவர் இறந்த பிறகு, அவற்றில் சிலவற்றுக்கு மேல் கிளவுஸ் ஓகர்மன் எழுதிய காற்று வாத்தியப் பகுதிகளைப் பதிந்து ஓர் அல்பமாக வெளியிட்டார்கள். கிராமி விருதும் கிடைத்தது. பின்னாளில் அதே பதிவுகள் சேர்ப்பு எதுவும் இல்லாமலும் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்கு வெறும் பதிவுதான் பிடிக்கும். ஓகர்மன் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெஸ் அந்தக் காற்று வாத்தியங்களைக் கேட்டு வாசிக்கவில்லை. 1949இல் சக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் ஸ்ட்ரிங்ஸோடு பதிந்தபோது வயலின்காரர்கள் கூடவே இருந்தார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்லி வாசிக்க முடிந்தது. பிறகு சேர்க்கும்போது அந்த வசதி இல்லை. வாசித்தவர் வாசித்து முடித்துவிட்டார், கேட்டுப் பதில் சொல்ல வேண்டியது ஸ்ட்ரிங்ஸ்தான். அதனால் சோலோ (ஒருவர் கற்பனையாக வாசிப்பது) நடக்கிற இடத்தில் ஒன்றும் எழுதாதீர்கள். மெட்டை முழுதாக ஒரு தடவை வாசிக்கிற முதல் சுற்றின் பின்பாதியிலும் கடைசிச் சுற்றிலும், அதுவும் சக்சபோன் மூச்செடுக்கிற இடைவெளிகளில் எழுதினால் போதும்.

எழுதுவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது வேகம். பாலட் நிமிடத்துக்கு 60 அடி என்று தொடங்கி 57க்கு இறங்கும், 63க்கு ஏறும். ஒலியை இழுத்து க்ளிக்குக்கு (மாறாத வேகத்தில் தட்டும் ஒலி) பொருத்தினால் பாட்டு செத்துவிடும். றீப்பர் போன்ற சொஃப்ட்வெயாரில் ஒவ்வொரு பாருக்கும் (தாளத்தின் ஒரு சுற்று) கையால் டெம்போ மார்க்கர், அதாவது வேகக் குறி, வைத்து, திரையில் தெரியும் தாளக் கட்டத்தைப் பாட்டுக்கு வளையுங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழி இல்லை. தாளமில்லாமல் பியானோ தனியே வாசிக்கிற அறிமுகத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சுருதி. நம் பக்கத்து உப்புக் காற்றிலும் ஈரத்திலும் மண்டபத்துப் பியானோவின் ஏ சுரம் வழக்கமான 440 ஹேர்ட்ஸில் நிற்பது அபூர்வம். 436இல் இருந்தால் கிட்டத்தட்ட 16 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) குறைவு. ஸ்ட்ரிங்ஸை அதற்கு இறக்குங்கள், பதிவை ஏற்றாதீர்கள். இரைச்சலை நீக்கும்போதும் பார்த்துச் செய்யுங்கள்: மின்சார இரைச்சல் 50 ஹேர்ட்ஸ், பேஸின் கீழ் ஜீ 49 ஹேர்ட்ஸ். அகலமாக வெட்டினால் அந்த ஜீயும் சேர்ந்து போய்விடும்.

கோர்ட்ஸை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பாட்டுப் புத்தகத்தில் பார்க்காதீர்கள், பதிவில் கேளுங்கள். புத்தகத்தில் ஜீ செவன்த் இருக்கும் இடத்தில் பியானோக்காரர் டீ ஃப்ளாட் செவன்த் வாசித்திருப்பார். நீங்கள் வயலினில் டீயைப் பிடித்தால் டீ ஃப்ளாட் வாசிக்கும் பேஸோடு அரைச் சுரத்தில் மோதும். ஆனால் ஜீ செவன்த்தின் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் பீ, எஃப். டீ ஃப்ளாட் செவன்த்திலும் அதே இரண்டுதான், இடம் மட்டும் மாறியிருக்கும். சந்தேகமான இடத்தில் அந்த இரண்டை மட்டும் பிடித்தால் தப்பலாம். செலோவைக் கீழே இறக்கி பேஸோடு சண்டை பிடிக்க வைக்க வேண்டாம்.

இனி ஆட்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் கர்நாடக வயலின் படித்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஸ்டாஃப் நொட்டேசன் (மேற்கத்திய இசைக் குறியீடு) தெரியாவிட்டால் பரவாயில்லை, ஸ என்பது சீ என்று வைத்து ரி1, க2 என்று எழுதிக் கொடுத்தால் பன்னிரண்டு சுரத்தானமும் வந்துவிடும். அவர்கள் வயலினை ஸ-ப-ஸ-ப என்று கூட்டியிருப்பார்கள். அது பிரச்சினை இல்லை. சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம்தான் பிரச்சினை. "மிஸ், இந்த இடத்தில அசைக்காம நேரா நில்லுங்க" என்று நான் கேட்க, "அப்ப இதில ராகம் எங்க தம்பி?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான்! இன்னொன்று, தம்புராவுக்குப் பழகிய காது அந்தர காந்தாரத்தைப் பியானோவை விட 14 சென்ட் அளவு கீழே வைக்கும். சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில் பியானோவை உரக்கக் கொடுத்தால் தானாகவே சரியாகிவிடும். பறங்கியர் சமூகத்தில் கஃப்ரிஞ்ஞா நடனத்துக்கு வயலின் வாசிக்கிறவர்களையும் விசாரியுங்கள். அவர்களில் நான் வேலை செய்தவர்களுக்குப் பாடிக் காட்டினாலே போதும், ஆனால் வில்லை மெதுவாக இழுக்கச் சொல்ல வேண்டும்.

செலோவுக்குக் கொழும்புதான். அங்கே 1958 முதல் சிம்பொனி ஒர்க்கெஸ்ட்ரா இருக்கிறது, ஃபைல் அனுப்பி வாசிப்பித்து வாங்கலாம். மூன்று வயலின்காரர் கிடைத்தால் ஒவ்வொரு வரியையும் சில தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் கதிரையை மாற்றி, மைக்கிலிருந்து தூரத்தை மாற்றி இருத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே வயலினின் எதிரொலி போலக் கேட்கும். அடியில் சாம்பிள் ஸ்ட்ரிங்ஸை (கணினியில் வாசிக்கிற, முன்பே பதிந்த ஒலிகள்) மெல்லிசாக வைக்கலாம். சாம்பிளின் ஒலி மெதுவாகத்தான் எழும், அதனால் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள்.

மிக்ஸில் எல்லோரும் தடுமாறுவது ரிவேர்ப்பில், அதாவது மண்டபத்து எதிரொலி சேர்ப்பதில். உங்கள் பதிவிலேயே அளவுகோல் இருக்கிறது, கைதட்டல். அது அடங்க எடுக்கிற நேரத்தைக் கேட்டு, ஸ்ட்ரிங்ஸுக்கும் அதே அளவு மண்டபம் கொடுங்கள். அதைவிட நீண்டால் ஒட்டுப்போட்டது தெரியும். கடைசிக் கோர்டில் பியானோவுக்கு முன்னதாகவே ஸ்ட்ரிங்ஸ் அடங்கிவிட வேண்டும், கைதட்டலுக்கு மேல் வயலின் இழுத்தால் பொய் உடனே பிடிபடும்.

அப்புறம், அந்த நான்கு பேரிடமும் இதைச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தொடங்குமுன் கேளுங்கள், சேர்க்காத பதிவையும் கூடவே வெளியிடுவதாகச் சொல்லுங்கள். சக்சபோன்காரர் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் சம்மதிப்பார்.