அரிதாரம்

அன்புள்ள ஐயா,

ரோபோ சங்கர் இறந்தபோது எல்லோரும் அவரைப் பெரிய கலைஞர் என்று எழுதினார்கள். எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் கிளி வளர்த்து அபராதம் கட்டினார். உடன் நடித்த நடிகையைப் பற்றி மேடையில் மோசமாகப் பேசினார். கெட்ட பழக்கங்களால் உடம்பைக் கெடுத்துக்கொண்டதாக அவரே சொன்னார். கடைசியில் இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடினார். பார்க்கவே கூச்சமாக இருந்தது. டிவியில் குரல் மாற்றிப் பேசுகிறவர்களைக் கலைஞர்கள் என்று சொல்லலாமா?

செ., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

*

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் கடலூர் முதுநகரில் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிளி விஷயம் 2023 பிப்ரவரியில் நடந்தது. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது. வனத்துறை கிளிகளை எடுத்துக்கொண்டு போனது, அவர் 2.5 லட்சம் ரூபாய் கட்டினார். அதோடு முடிந்தது. அதே ஆண்டு படவிழா மேடையில் அந்த நடிகையைப் பற்றிப் பேசியது தப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கூனிக் குறுக வைத்து வாங்கும் கைதட்டு எனக்கும் வேண்டாம். இதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் அந்த அம்மா ஆடியதைக் கூச்சம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். பறை முன்னால் போக, பூ உதிர்த்துக்கொண்டு, ஆடிக்கொண்டே சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் சாவை உங்கள் தெருவில் பார்த்ததே இல்லையா? அவர் மேடையில் ஆடியவர். தன் புருஷனைத் தனக்குத் தெரிந்த விதத்தில் வழியனுப்பினார். அதைக் கைப்பேசியில் பத்து நொடி பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுத நமக்கு யார் உரிமை கொடுத்தது?

சரி, கலைஞரா என்று கேட்டீர்கள். அவர் பெயருக்கு முன்னால் ‘ரோபோ’ எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? விஜய் டிவியின் ‘கலக்கப் போவது யாரு’வுக்கும் ‘மாரி’, ‘விஸ்வாசம்’ படங்களுக்கும் முன்னால், மதுரைப் பக்கம் மேடைகளில் உடம்பு முழுக்க உலோகச் சாயம் பூசிக்கொண்டு இயந்திரம் மாதிரி ஆடியவர் அவர். 46 வயதில், 2025 செப்டம்பர் 18 அன்று போய்விட்டார். அவர் நோயைச் சாயத்தின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் அந்தச் சாயத்தை நினைக்காமல் அவரைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

ஏனென்றால் அந்தச் சாயத்தை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் முதுநகரில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். ஆடி மாதம் வந்துவிட்டால் ராத்திரியில் அம்மன் கோயில் மேடைகளில் ரோபோ டான்ஸ். இரும்பு கேட்டுக்கு அடிக்கிற அதே வெள்ளி பெயிண்டுதான். அலுமினியப் பொடியை எண்ணெயில் குழைத்து நெற்றியிலிருந்து பாதம் வரை பூசுவார்கள். கண் இமையைக்கூட விடமாட்டார்கள். வியர்வை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கொதிக்கும். அந்தக் கோலத்தில் முக்கால் மணி நேரம் கண் சிமிட்டாமல், முட்டி மடக்காமல் ஆடுவார். முன்வரிசையில் உட்கார்ந்து நாங்கள் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அடிபம்புக்குப் பக்கத்தில் அவர் அம்மா காத்திருப்பார். ஒரு கையில் வேஸ்ட் துணி, இன்னொரு கையில் ரேஷன் கிருஷ்ணாயில். சோப்புக்கெல்லாம் அந்தப் பெயிண்ட் அசையாது. கிருஷ்ணாயிலை நனைத்து முதுகில் அழுத்தித் தேய்ப்பார். அடுப்புக்கு வாங்கிய எண்ணெய் அது, மறுநாள் காலையில் விறகுதான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அப்படித் தேய்த்தும் காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் நான்கைந்து நாள் வெள்ளி ஒட்டியிருக்கும். அதோடு மூட்டை தூக்கப் போவார். வெயிலில் அது மின்னும். மூன்றாம் வருஷம் தோல் வெடித்துப் பொருக்குத் தட்டியது. அதோடு ஆட்டத்தை விட்டார்.

அரிதாரம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேஷத்துக்குப் பூசுவதையெல்லாம் இன்று அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் அது ஆர்சனிக் உள்ள ஒரு மஞ்சள் கல்லின் பெயர். சித்த வைத்தியத்தில் தாளகம் என்று பாஷாணங்களோடு சேர்த்திருப்பார்கள். நம் கூத்துக்காரர்கள் அதை அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான், ராஜாவையே கேலி செய்வான், சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். அவன் முகத்தில் இருந்தது விஷம். வேஷம் கட்டுகிறவன் தோலைப் பற்றி நாம் அன்றும் கேட்கவில்லை, டிவி வந்த பிறகும் கேட்கவில்லை. வெள்ளி பூசிக்கொண்டு மேடையேறியவனைக் குரல் மாற்றிப் பேசுகிறவன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை, செ. நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் அந்த மேடைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று காலை நான் பார்க்கப் போனது அந்த அண்ணனைத்தான். இப்போது அறுபதை நெருங்குகிறார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் விற்கிறார். முழங்கைக்கு மேலே தோல் இன்றும் மீன் செதில் மாதிரிதான் இருக்கிறது. அவரிடம் டிவி கிடையாது, செய்தியே தெரிந்திருக்கவில்லை. “ரோபோ சங்கர் போயிட்டாருண்ணா, உங்கள மாதிரியே ஆடுனவரு” என்றேன். கைப்பேசியில் இருந்த படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். வயதைக் கேட்டார், சொன்னேன்.

“எதப் போட்டுக் கழுவுனாராம்?” என்றார்.