‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நீளம் எவ்வளவு? நிரல் எழுதுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இருபது ஆண்டுகளாக வலைச் செயலிகள் எழுதி வருகிறேன். நிரல் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். வேலை வாங்குவது, சம்பளம் பேசுவது பற்றி மட்டும் வேறு யாரிடமாவது கேளுங்கள். அதில் எனக்கு அனுபவம் போதாது.

கேள்வி: அண்ணா, புதிதாகக் கற்கிறேன். எந்த மொழியில் தொடங்கலாம்?

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டில் ஒன்று. எது என்று ஒரு நாளுக்கு மேல் யோசிக்க வேண்டாம். எடுத்ததை ஆறு மாதம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் துண்டு), அரே (வரிசைப் பட்டியல்) மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் இரண்டாவது மொழி சில வாரங்களில் வந்துவிடும்.

கேள்வி: 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் பிழையா?

இல்லை. பைத்தானிலும் இதே விடைதான் வரும். இரண்டும் 1985-ல் வந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தரப்படி தசம எண்களை இரும முறையில் வைக்கின்றன. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவே இல்லாமல் போகிறதல்லவா? இரும முறையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதே கதி. ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய மிச்சம்தான் கடைசியில் தெரியும் அந்த 4. பணக் கணக்கு என்றால் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், என் புரோகிராம் ஓடவில்லை. சிவப்பாக ஏதோ வருகிறது. என்ன செய்ய?

அந்தச் சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது? கோப்பின் பெயர், வரி எண், என்ன கோளாறு, மூன்றும் அதிலேயே இருக்கும். முதல் வரியிலிருந்து முழுதாகப் படித்துவிட்டு, அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

கேள்வி: ரியாக்ட், வ்யூ, ஆங்குலர். எதைக் கற்றால் நீண்ட நாள் நிற்கும்?

இவை மூன்றும் வலைப்பக்கம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது ஆயத்தச் சட்டகங்கள். நீண்ட நாள் நிற்பது இவை மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. 2006-ல் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வந்தபோது அதை வரிவரியாகக் கற்றேன். பிறகு ரியாக்ட் 2013-ல் வெளியானது. சில ஆண்டுகளில் நான் கற்றதில் பாதி பயனில்லாமல் போயிற்று. ஆனால் அதே காலத்தில் உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. முறை பற்றியும் படிவம் எப்படித் தகவலை அனுப்புகிறது என்பது பற்றியும் கற்றது இன்றைக்கும் சோறு போடுகிறது. 1991-ல் வெளியான முதல் வலைப்பக்கத்தை இன்றைய உலாவி திறந்து காட்டும். ஐந்து ஆண்டுக்கு முன் எழுதிய ஃபிரேம்வொர்க் திட்டத்தை இன்று மறுபடி பில்ட் செய்து பாருங்கள், வேறுபாடு புரியும்.

வேலைக்கு ஒரு ஃபிரேம்வொர்க் தேவைதான், ரியாக்டையே எடுங்கள். அதற்கு முன், அழுத்தும் இடத்துக்கு ஏன் ‘பட்டன்’ போட வேண்டும், ஏன் வெறும் பெட்டியான ‘டிவ்’ போடக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். டிவ் போட்டால் விசைப்பலகையால் மட்டும் இயக்குபவர் அந்த இடத்தை எட்ட முடியாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதைப் பொத்தான் என்று சொல்லாது. கண் தெரியாதவருக்கு உங்கள் தளம் அங்கேயே மூடிவிடுகிறது.

கேள்வி: ‘தமிழ்’ என்ற சொல்லின் லென்த் 5 என்கிறது ஜாவாஸ்கிரிப்ட். த, மி, ழ் என்று மூன்றெழுத்துதானே?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்ற தரத்தில் இந்தச் சொல் ஐந்து குறிகளாக இருக்கிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. லென்த் எண்ணுவது அந்தக் குறிகளை. வட்டில் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (பைட் என்பது சேமிப்பின் அலகு), ஆக 15. மனிதர் கண்ணுக்கு 3, நிரலுக்கு 5, வட்டுக்கு 15. எதற்காக அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்துக்காகப் பெயர்ப் பதிவுப் படிவம் எழுதினேன். தரவுத்தளத்தில் பெயருக்கு 30 என்று இடம் விட்டேன். அந்த 30 பைட்டுக் கணக்கு என்பதை நான் பார்க்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் கண்ணுக்கு 8 எழுத்து, குறிகள் 15, பைட்டுகள் 45. முதல் 30 பைட் மட்டும் உள்ளே போயிற்று. அச்சான அட்டைகளில் ‘கிருஷ்ணமூர’ என்று வந்தது. ஒருவர் தன் பெயரைத் தானே அடையாளம் காண முடியாதபடி செய்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

மூன்று என்ற விடை வேண்டுமானால் ‘இன்டல்.செக்மென்டர்’ என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. 2024 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. எழுத்துக் கணக்குக் காட்டும் இடத்திலும், நீளம் கருதி வெட்டும் இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: 5 என்பது இலக்கணப்படியும் சரிதானே? த் + அ + ம் + இ + ழ், ஐந்து ஒலிகள்!

அழகான கவனிப்பு, ஆனால் தற்செயல். ‘அம்மா’வை வைத்துப் பாருங்கள். அ, ம், ம், ஆ என்று ஒலிகள் நான்கு. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. யூனிகோடில் அகரம் ஏறிய மெய்தான் அடிப்படை; புள்ளி அதன்மேல் தனியாக வந்து உட்காருகிறது. இலக்கணத்திலோ மெய்தான் அடிப்படை, உயிர் வந்து சேர்கிறது. இரண்டும் தலைகீழ்.

கேள்வி: எந்த மொழி முதலில் கற்க வேண்டும்?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. கொரிய மொழிக்கு 11,172 அசைகளுக்கு இடம் கொடுத்தவர்கள் நமக்குக் கொடுக்காதது அநியாயம் இல்லையா?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. யூனிகோடு இந்திய எழுத்துகளை எடுத்தது இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி என்ற குறியேற்றத் தரத்திலிருந்து. அது எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்தது. தமிழுக்கான பகுதியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் காலியாகக் கிடப்பது அதனால்தான். நம் எழுத்தின் அமைப்பை முதலில் வைத்து யோசித்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்.

அதே நண்பர்: அப்படியானால் தமிழுக்கென்றே உருவாக்கிய டேஸ்-16 குறியேற்ற முறைக்கு மாறுவதுதானே சரி? தமிழ்நாடு அரசே 2010-ல் ஏற்றுக்கொண்டதே.

ஏற்றுக்கொண்டது, யூனிகோடோடு சேர்த்து. டேஸ்-16-ல் ஓர் எழுத்துக்கு ஓர் இடம். எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் சுலபம், அதை மறுக்கவில்லை. ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அந்த இடங்களுக்குப் பொதுவான பொருள் கிடையாது. அதற்கென எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. அந்த முறையில் ஒரு கட்டுரையை வெளியிட்டால் யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. என் மொழிக்கு அப்படி ஒரு மறைவிடம் வேண்டாம். நிரலுக்குள்ளே மாற்றிக் கணக்குப் போடுங்கள், வெளியே தருவது யூனிகோடாக இருக்கட்டும். ஒருமுறை கொடுத்த குறியை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது யூனிகோடின் விதி. ஆகவே இருப்பதை ஒழுங்காகக் கையாளக் கற்பதுதான் வழி.

கேள்வி: லாகின் பக்கம் எழுதுகிறேன். பயனர் பெயரை, தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் எஸ்.க்யூ.எல். கட்டளை வரியோடு ஒட்டி அனுப்புகிறேன். கடவுச்சொல்லுக்கு எம்.டி.5. சரியா?

இரண்டும் தவறு. வெளியிலிருந்து வரும் எதையும் எஸ்.க்யூ.எல். வரியோடு ஒட்டாதீர்கள், கட்டளையையும் தகவலையும் தனித்தனியே அனுப்பும் ப்ரிபேர்ட் ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள். எம்.டி.5 என்பது தகவலை உருமாற்றும் ஹாஷ் முறை, மிக வேகமானது. அந்த வேகம் திருடனுக்குத்தான் உதவும். வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் போடுங்கள்.

கேள்வி: பெயர்களை சார்ட் செய்து வரிசைப்படுத்தினால் ‘ன’ வந்த பிறகு ‘ப’ வருகிறது. அகராதி வரிசை இப்படி இல்லையே?

லென்த் விவாதத்தின் தொடர்ச்சி இது. வெறும் சார்ட் யூனிகோடு எண்ணைப் பார்க்கிறது. அங்கே ந-வுக்கு அடுத்த வீடு ன. ர-வுக்குப் பிறகு ற, ல, ள, ழ, வ என்று போகிறது. நம் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ‘லோக்கேல்கம்பேர்’ என்ற ஃபங்ஷனில் தமிழ் மொழிக்குறியைக் கொடுத்தால் சரியான வரிசை வரும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பு, பிறகு கால். திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று சொல்லும். தேடல் பொய்த்துப்போகும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஜாவா முதலிலா, பைத்தான் முதலிலா?

முதல் பதில்.

கேள்வி: தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் போட்டால் தளம் விழுந்துவிடுகிறது.

எஸ்.க்யூ.எல். வரியோடு ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டாதீர்கள். இன்றைக்கே திருத்துங்கள், மேற்கோளால் விழுகிற தளத்தில் வேறொருவர் உங்கள் அட்டவணையையே படித்துவிட முடியும்.

சிவப்பாக வந்தது என்றவர்: படித்தேன் சார். 14-ஆவது வரியில் மாறியின் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறேன். ஓடிவிட்டது!

மகிழ்ச்சி.

கேள்வி: எங்கள் தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. மீட்க முடியுமா?

எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. தலையில் குறி போட்ட ரோமன் எழுத்துகள் (à போல) குவியலாகத் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், படிக்கும் முறைதான் தவறு, மீட்டுவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறி என்றால், சேமிக்கும்போதே தமிழ் தெரியாத குறியேற்றத்துக்கு மாற்றிவிட்டது. அட்டவணைக்குள் இருப்பதே கேள்விக்குறிதான், திருப்ப வழியில்லை. முதலில் அட்டவணை, இணைப்பு இரண்டையும் யூ.டி.எஃப்-8-க்கு மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் யூ.டி.எஃப்.8.எம்.பி.4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பழைய பேக்கப்பைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொருவரிடமும் பெயரை மறுபடி கேட்டு வாங்குங்கள்.