கழுத்து நோவும் ஊசிக்கண்ணும்

கேள்வி: அக்கா, எனக்கு 48 வயது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட்டில் இருந்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஆடிவேலுக்கு வந்த ஓடர்களை இரவு பகலாகத் தைத்து முடித்ததில் நாரி பிடித்துக்கொண்டது. கழுத்திலும் ஒரே நோ. இரண்டு கிழமை நிலத்தில் பாய் போட்டு அசையாமல் படு என்கிறா மாமி. ஸ்கானில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்காம். மெசினை விற்றுவிடவா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மெசின் இருக்கட்டும் தங்கச்சி. முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

நாரிக்குக் கேட்டால் கண்ணைச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். 48 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். ஊசிக்கண் தெரியவில்லை என்று மூக்கு மெசினில் முட்டுமளவுக்குக் குனிவீர்கள். தலை 5 கிலோ அளவு பாரம். குனியக் குனிய அதை இழுத்துப் பிடிப்பது பிடரித் தசைதான். வாசிப்புக் கண்ணாடி ஒன்றும், ஊசிக்கு நேரே ஒரு லைட்டும் வாங்குங்கள். மேசைக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து, முழங்கை உயரத்துக்கு மெசினைக் கொண்டுவாருங்கள். கொழுக்கி தைக்கும்போது மடியில் தலையணி வைத்து, துணியைக் கண்ணுக்குக் கிட்ட எடுங்கள்.

நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் கதிரையை எனக்குத் தெரியும். நடுவில் பள்ளம் விழுந்த பிளாஸ்டிக் கதிரை, மேலே மடித்த பெட்சீற். அதை விட்டு, முதுகைத் தாங்கும் மரக்கதிரைக்கு மாறுங்கள். நாரி வளைவில் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். பாதம் இரண்டும் நிலத்தில் படவேண்டும்.

படுக்கை விஷயத்தில் மாமியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிசியோதெரபி படித்த நானே ஒருமுறை அரிசி மூட்டை தூக்கி நாரி பிடித்து, எட்டு நாள் கட்டிலோடு கிடந்தேன். ஒன்பதாம் நாள் குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடிக்க வேண்டி வந்தது. படுக்கப் படுக்கத் தசை இறுகும், பலமும் போகும். தாங்கமுடியாத நோவென்றால் ஒருநாள், இரண்டுநாள் படுக்கலாம். அப்போதும் மணிக்கொரு தடவை எழும்பி நடக்கவேணும். நடமாடிக்கொண்டிருந்தால் இப்படியான பிடிப்பு பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் இறங்கிவிடும்.

ஸ்கானுக்குப் பயப்படாதீர்கள். டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. நோவே இல்லாத 50 வயதுக்காரரை எடுத்துப் பார்த்தாலும் 100 பேரில் 60 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. தலைமுடி நரைக்கிற மாதிரித்தான்.

பொபின் நூல் முடியும் ஒவ்வொரு தடவையும் எழும்புங்கள். இடுப்பில் கை வைத்து ஐந்துமுறை மெல்லப் பின்னால் சாயுங்கள். பிறகு நேரே பார்த்தபடி நாடியை உள்ளே இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள், அதுவும் ஐந்துமுறை. விடிய எழும்பினதும் மாமி போட்ட பாயிலேயே மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டுவந்து பத்து எண்ணுங்கள். பின்னேரம் கடற்கரைப் பக்கம் 20 நிமிட நடை.

சுடுதண்ணிப் பையைத் துவாயில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். சித்தாலேப பூசலாம், ஆனால் பூசின இடத்தில் சுடுதண்ணிப் பை வேண்டாம், தோல் வெந்துவிடும். நாரி நோவுக்குப் பனடோல் மட்டும் போட்டுப் பெரிய பலனில்லை. பாமசியில் கேட்டு டைக்குளோபெனக் விழுங்குகிற பழக்கம் நம் ஆட்களுக்கு அதிகம். காஸ்ட்ரிக், பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

கை பலமிழந்து கத்தரிக்கோல் நழுவினாலோ, நோவோடு காய்ச்சல் வந்தாலோ உடனே டொக்டரிடம் போங்கள். கால் பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்தால், சிறுநீர் போகாமல் நின்றால் அல்லது தன்பாட்டில் கசிந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று மாடி இறங்க முடியாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.