ராஃப்டிங்குக்கு எந்த லைஃப் ஜாக்கெட் வாங்குவது?

மதுரையிலிருந்து நண்பர்களோடு ரிஷிகேஷ் போகிறீர்கள், 95 கிலோ எடையைத் தாங்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடையை விடுங்கள், மார்புச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தண்ணீரே தாங்கிவிடும். தலை மேலே நிற்க இன்னும் ஐந்தாறு கிலோ மிதப்புவிசை கிடைத்தால் போதும். ஆனால் அது தெப்பக்குளம் மாதிரி அசையாத தண்ணீருக்குத்தான். பாறையில் மோதி நுரைத்து ஓடும் ஆற்றில் காற்று கலந்திருப்பதால், அந்தத் தண்ணீர் நம்மைத் தூக்குவது குறைவு. அதனால் 70 நியூட்டன், அதாவது சுமார் 7 கிலோ மிதப்புவிசையாவது இருக்கட்டும். பெரிய ஆறு, நீச்சல் சுமார் என்றால் 100 நியூட்டன் நல்லது. கங்கைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

காற்றடைத்து உப்பும் வகை வேண்டாம், பாறை கிழித்துவிடும். உள்ளே ஃபோம் உள்ளதையே வாங்குங்கள்.

போட்டபின் வார்களை இடுப்பிலிருந்து மேல்நோக்கி இறுக்கி, ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. கடைக்காரர் "இழுத்துக் கட்டினால் சரியாகிடும் சார்" என்பார், கேட்காதீர்கள்.

அப்புறம், ராஃப்டிங் நடத்துபவர்களே ஜாக்கெட் தருவார்கள். ஒருமுறைதான் போகிறீர்கள் என்றால் அதையே இப்படிச் சோதித்துப் போட்டுக்கொள்ளலாம்.